பாலத்து மேடும் பட்டன் டயரும்

ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் வரைக்கும் எங்கள் ஜீப்பில் ஒரு குறையும் தெரியாது. அதற்கு மேல் போகும்போது ஒரு பாலத்தில் ஏறி இறங்கினால் போதும், முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக வெட்ட ஆரம்பிக்கும். ஸ்டியரிங் கையில் நிற்காது. பக்கத்தில் இருப்பவர் பேச்சை நிறுத்திவிட்டு எதிரே இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்வார். தானாக அடங்கும் என்று காத்திருந்தால் அடங்காது. வேகம் முப்பதுக்கு இறங்கிய பிறகுதான் விடும். மறுபடி வேகம் எடுத்தால் அடுத்த பாலம் வரைக்கும் ஒன்றும் இருக்காது.

அடுத்த பாலம் வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் எங்கள் ஊரில் சிக்கல். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. வெண்ணாறு நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்புக்கு வந்து வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு என்று மறுபடி மூன்றாகிறது. அதிலிருந்து ஏ வாய்க்கால், பி வாய்க்கால், கடைசியில் வயலுக்குப் போகும் சி, டி வாய்க்கால்கள். மன்னார்குடியிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் பாலமோ மதகோ கடக்காமல் ஊர் போய்ச் சேர முடியாது. பாலம் அஸ்திவாரத்தில் கெட்டியாக நிற்கிறது. அதன் இரண்டு பக்கத்து ஏறுசாலையும் களிமண் மேல் கொட்டிய மண், வருடா வருடம் அமுங்குகிறது. அந்த இடத்தில் ஒரு படி விழுந்துவிடுகிறது. தார் ஊற்றிச் சரிசெய்தாலும் அடுத்த மழைக்கு மறுபடி இறங்கும்.

ஜீப் வைத்திருக்கிறவர்கள் கூடினால் சேற்றைப் பற்றித்தான் பேசுகிறோம். எந்த டயர் போட்டால் எவ்வளவு சேற்றில் போகும், யார் வண்டி எந்த வாய்க்கால் கரையில் இறங்கியது, எந்த டிராக்டர் வந்து இழுத்தது என்று மணிக்கணக்கில் ஓடும். செலவுக் கணக்கை எடுத்துப் பார்த்தால் என் வண்டிக்குச் செலவு வைத்ததெல்லாம் தார் ரோட்டில் இருக்கும் அந்தப் படிதான். டயர் வாங்குவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி பழைய மஹிந்திரா எம்எம் 540. பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் வியாபாரம் செய்தவரிடம் வாங்கியது. முன்னாலும் பின்னாலும் ஒரே உருட்டு ஆக்ஸில், நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் வம்சம் என்பதை முன் ஆக்ஸிலைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். இந்த அமைப்பில் இடது சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால் அது இடது சக்கரத்தோடு நிற்காது. ஆக்ஸில் முழுக்கச் சாயும், வலது சக்கரத்துக்கும் போகும். காரிலும் 2020-இல் வந்த புது மஹிந்திரா தார் ஜீப்பிலும் முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்குவதால் இந்த அளவுக்கு வெறித்தனமான ஆட்டம் வராது. எம்எம் 540, மேஜர், கமாண்டர், மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

டயர்கள் நான்கும் மொட்டையாகிக்கொண்டிருந்தன. வாங்கியே ஆக வேண்டும். ஆட்டத்துக்கும் அதுதான் காரணம் என்று ஊரில் பாதிப்பேர் சொன்னார்கள். மீதிப்பேர் ஸ்டியரிங் டாம்பர், அதாவது ஸ்டியரிங்கில் வரும் உதறலை அமுக்கும் ஷாக் அப்சார்பர், போடச் சொன்னார்கள். எனக்குப் பல வருடமாக வண்டி பார்க்கும் பாய் மட்டும் வேறு மாதிரி சொன்னார்.

"டயர வாங்கிட்டு வந்து ஆட்டத்தப் பாப்போம்னு நெனக்காதீங்க தம்பி. ஆட்டத்த எடுத்துட்டு டயர வாங்குங்க. இல்லன்னா புது டயரு திட்டுத் திட்டா தேஞ்சுரும். அப்புறம் அந்தத் தேய்மானமே ஆட்டத்தக் கெளப்பும்."

"பழைய டயர வெச்சுக்கிட்டு எப்படி பாய் ஆட்டம் பாக்குறது?"

"முன்னாடி ரெண்டயும் பின்னாடி போடுங்க, பின்னாடி ரெண்டயும் முன்னாடி கொண்டாங்க. ஆட்டம் மாறுதான்னு பாப்போம்."

காசு செலவில்லாத சோதனை அது. டயரில் கோளாறு இருந்தால் ஆட்டத்தின் குணம் மாறும், இல்லையென்றால் அப்படியே இருக்கும். எங்கள் வண்டியில் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. ஆகவே டயருக்கும் பங்குண்டு, ஆனால் வேர் வேறெங்கோ இருக்கிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எழுபது எழுபத்தைந்தில் ஸ்டியரிங் மெல்ல அதிர்ந்து, எண்பதைத் தாண்டினால் காணாமல் போனால் அது பெரும்பாலும் வீல் பேலன்ஸ். அதிர்வு கையில் தெரியாமல் இருக்கையில் தெரிந்தால் பின் டயரையோ, ஆக்ஸிலுக்கு இழுவை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டையோ பார்க்க வேண்டும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிரம்மைக் கழற்ற வேண்டும். மேட்டில் விழுந்தவுடன் கிளம்பி, நாம் வேகத்தைக் குறைக்கும் வரை தானே தன்னை வளர்த்துக்கொண்டு போகும் ஆட்டம் தனி ஜாதி. ஆஸ்பத்திரி ட்ராலியைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் ஒரு சக்கரம் மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும் அல்லவா, கிட்டத்தட்ட அதே விஷயம்தான். சக்கரம் திரும்பும் அச்சில் தளர்வு இருக்கிறது, அல்லது அந்த அச்சின் சாய்வு போதவில்லை. மேடு தட்டிவிடுகிறது. நேராகத் திரும்பி வரும் சக்கரம் நடுவில் நிற்காமல் அந்தப் பக்கம் தாண்டிப் போகிறது.

ஆட்டம் வரும்போது பயந்து பிரேக்கை அழுத்தி மிதிக்கக்கூடாது. முன்பக்கம் எடை விழுந்து இன்னும் மோசமாகும். ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வண்டி தானாக வேகம் குறைய விட வேண்டும். கட்டை விரலை ஸ்டியரிங் கம்பிக்கு உள்ளே விடாதீர்கள். அது அடிக்கிற அடியில் விரல் போய்விடும்.

எதையும் கழற்றுவதற்கு முன் பாய் செய்த முதல் வேலை ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவச் சொன்னதுதான். வெளியே பளிச்சென்று இருந்தது, உள்ளே கை விட்டால் ரிம் வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் களிமண் அப்பிக் காய்ந்து கிடந்தது. எங்கள் மண் ஈரத்தில் வழுக்கும், காய்ந்தால் செங்கல். ஸ்குரூ டிரைவரால் கொத்தித்தான் எடுக்க முடிந்தது. பேலன்ஸுக்கு ரிம்மில் தட்டியிருந்த ஈயக்கட்டிகளில் சில சேற்றோடு போயே போய்விட்டன. சர்வீஸ் ஸ்டேஷனில் தண்ணீர் அடிக்கும் பையன்கள் வெளிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வயல்பக்கம் போய் வந்த வண்டி திடீரென்று அறுபதில் ஆடினால், மெக்கானிக்கிடம் போகுமுன் பைப்பைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குக் கீழே படுங்கள். பாதிப்பேருக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும்.

எனக்கு முடியவில்லை. அடுத்தது ஆட்டிப் பார்ப்பது. வண்டி தரையில் நிற்கும்போதே, இஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் பெட்டியின் கை, அங்கிருந்து சக்கரத்தின் பக்கம் போகும் டிராக் லிங்க், இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு, அதன் இரண்டு முனைகள். பழைய மாடல்களில் நடுவில் அசைவைத் திசை திருப்பிக் கொடுக்கும் பெல் கிராங்க் ஒன்றும் இருக்கும், அதன் பின்னும் புஷ்ஷும் தேயாமல் இருப்பது அபூர்வம். ஒரு பாகம் அசைந்து அடுத்த பாகம் கொஞ்சம் தாமதமாக அசைந்தால் அந்த மூட்டில் ப்ளே, அதாவது தளர்வு, இருக்கிறது. கண்ணை விட விரல்தான் சரியாகச் சொல்லும். ஸ்டியரிங் பெட்டி சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட்டையும் மறக்கக் கூடாது. பெட்டியே அசையும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆடினால் வீல் பேரிங்காக இருக்கலாம், கிங்பின்னாகவும் (திருப்பும்போது சக்கரம் சுற்றும் அச்சு) இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ளட்டும், நீங்கள் மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் பேரிங். மிதித்தும் ஆடினால் கிங்பின். எங்கள் வண்டியில் இரண்டும் இருந்தன. இடதுபக்கம் கூடுதல்.

பேரிங் கெட்டதற்குக் காரணம் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைத் திறந்ததுமே தெரிந்தது. கிரீஸ் மஞ்சளாக இல்லை, மோர் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது. ரோட்டில் ஓடிச் சூடான ஹப் சட்டென்று தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும், சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் ரோட்டில் போய் வருகிற எல்லா வண்டிக்கும் இது நடக்கும், ஜீப்புக்கு மட்டுமில்லை. அதனால் தை மாதம் சம்பா அறுவடை தொடங்குவதற்கு முன் ஹப்பைத் திறந்து பழைய கிரீஸை வழித்து, புது கிரீஸ் வைத்து, ஆயில் சீலை மாற்றிவிடுவது நல்லது. சீல் விலை அற்பம். பேரிங் விலையும் கூலியும் அப்படியில்லை.

கிங்பின் வேலைதான் பாயின் கைத்திறமை. இந்த வகை ஆக்ஸிலில் மேலும் கீழும் கூம்பு பேரிங் இருக்கும். தொப்பிக்கு அடியில் மெல்லிய தகட்டு ஷிம்கள் வைத்து இறுக்கத்தை அமைப்பார்கள். ஷிம் எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். இறுக்கம் சரியா என்று பார்க்க டை ராடைக் கழற்றிவிட்டு, அந்த முனையில் தராசுக் கொக்கியை மாட்டி இழுத்துப் பார்ப்பார். பழைய இரும்பு வியாபாரிகள் கையில் தொங்கவிட்டு நிறுப்பார்களே, அதே ஸ்பிரிங் தராசு. எத்தனை கிலோ இழுவையில் நகர வேண்டும் என்று வண்டியின் மேனுவலில் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் நகர வேண்டும், நடுவில் ஓரிடத்தில் மட்டும் சொத்தென்று விடக்கூடாது. அப்படி விட்டால் பேரிங் கோப்பையில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம், ஷிம் வைத்துத் தேற்ற முடியாது. இடதுபக்கக் கோப்பையில் பள்ளம் விழுந்திருந்தது. நேராகவே ஓடும் வண்டியில் பேரிங் உருளைகள் ஒரே இடத்தில் நின்று அடி வாங்குகின்றன, அந்த இடம் குழிந்துவிடுகிறது.

சில கடைகளில் கிங்பின்னை இறுக்கிவிட்டு ஆட்டம் போய்விட்டது என்று வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். போகத்தான் செய்யும். ஸ்டியரிங்கும் திருப்ப முடியாமல் போகும், வளைவில் திருப்பிவிட்டால் தானாக நேருக்கு வராது. சில மாதத்தில் பேரிங் அரைந்து பழையபடி ஆடும். என் மச்சான் அவனுடைய மேஜரில் இதையும் செய்து, மேலே ஒரு ஸ்டியரிங் டாம்பரும் போட்டான். டாம்பர் கெட்டதல்ல. எல்லாம் சரியாக இருக்கிற வண்டியில் கையில் வரும் அடியை அது குறைக்கும். தேய்ந்த மூட்டுகளோடு போட்டால் ஆட்டத்தை மறைக்கும், மறைந்திருக்கும் காலத்தில் டை ராடு முனை இன்னும் தேயும். கழன்று விழுந்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். அவனிடம் சொல்லிவிட்டேன். "ஓடுதுல்ல மாப்ள" என்கிறான்.

கடைசியாக ஸ்பிரிங் பட்டைகள். பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ்கள் தேய்ந்தால் ஆக்ஸிலே பக்கவாட்டில் நகரும், அதைச் சக்கரம் ஸ்டியரிங் திருப்பியதாக எடுத்துக்கொள்ளும். பட்டை தொய்ந்தால் காஸ்டர், அதாவது கிங்பின் அச்சின் சாய்வு, மாறும். கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓடுவதற்கு அதன் முன் கவை சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். ஜீப்பின் ஆக்ஸிலுக்கும் சுமார் மூன்று டிகிரி அப்படி ஒரு சாய்வு வேண்டும். உயரம் ஏற்றுகிறேன் என்று நீளமான ஷேக்கிள் போடுகிறவர்கள் முதலில் கெடுப்பது இதைத்தான். தொய்ந்ததைப் பட்டறையில் வளைவு ஏற்றி வாங்கலாம். சாய்வு இன்னும் போதவில்லை என்றால் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இரும்பு ஆப்பு வைத்து யூ போல்ட்டை முடுக்குவார்கள். எங்களுக்கு ஆப்பு தேவைப்படவில்லை, புஷ் மாற்றியதே போதுமானதாக இருந்தது.

டோ இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருக்கும் அளவு) பார்க்க வீல் அலைன்மென்ட் கடைக்குப் போனால் கம்ப்யூட்டரில் இந்த வண்டி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரே உருட்டு ஆக்ஸிலில் அலைன்மென்ட் கடையில் சரிசெய்யக்கூடியது டோ ஒன்றுதான், அதற்குச் சாக்பீஸும் டேப்பும் போதும். இரண்டு முன் டயரின் நடுவிலும் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கர மையத்தின் உயரத்தில் முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் அளந்தால், முன்பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். டை ராடைத் திருகி அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டியதுதான். நட்டு கழலாமல் இருக்கக் குத்தும் கோட்டர் பின்னைப் பழையதையே திருப்பிப் போடாமல் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

இவ்வளவும் முடிந்து, மொட்டை டயரோடேயே நீடாமங்கலம் வரை ஓட்டிப் பார்த்தோம். பாலங்களில் வண்டி குதித்தது, ஆடவில்லை.

இனி டயர்.

டெல்டாக்காரன் டயர் வாங்குமுன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, வருடத்தில் எத்தனை மாதம் வண்டி சேற்றில் ஓடுகிறது என்பது. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் குறுவைக்குத் தண்ணீர் வரும், வாய்க்கால் கரைகள் நனையும், ஆனால் ஓட்ட முடியாத அளவுக்கு இல்லை. உண்மையான சேறு வடகிழக்குப் பருவமழையில்தான், ஐப்பசியில் ஆரம்பித்து மார்கழி வரைக்கும். மற்ற மாதங்களில் தார் ரோடு, சிமெண்ட் ரோடு, காய்ந்த மண் தடம். அந்த மூன்று மாதத்துக்காக வருடம் முழுக்க இரைச்சலோடும் டீசல் செலவோடும் சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன் டயரில் ஓட்ட வேண்டுமா?

இரண்டாவது, அந்த மூன்று மாதத்திலும் பெரிய பட்டன் (டயரில் புடைத்து நிற்கும் ரப்பர்க் கட்டிகள்) நினைக்கிற அளவுக்கு உதவாது. பட்டனுக்கு நடுவில் இருக்கும் பள்ளம் சேற்றைக் கவ்வி, சக்கரம் சுழலும் வேகத்தில் வெளியே எறிய வேண்டும். செம்மண், சரளை, மணல் கலந்த சேறு என்றால் எறியும். எங்கள் களி ஒட்டிக்கொண்டு போகாது. பத்தடி போவதற்குள் எந்த டயரும் மொழுக்கென்று ஆகிவிடும், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும். டிராக்டர்க்காரர்களைப் பாருங்கள். உயரமான பட்டன் போட்ட பின்டயரை வைத்துக்கொண்டே, சேற்றுழவுக்கு இறங்கும்போது இரும்புக் கேஜ் வீலை மாட்டுகிறார்கள். சேற்றில் ரப்பர் எவ்வளவு தூரம் கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியும். (அதே கேஜ் வீலோடு தார் ரோட்டில் வந்து ரோட்டைக் கிழிப்பது வேறு கதை.)

மூன்றாவது அகலம். அகலமான டயர் சேற்றில் மிதக்கும் என்பார்கள். வேதாரண்யம் பக்கம் சவுக்குத் தோப்பு மணலில் அது சரி. காற்றை இறக்கினால் டயர் பரந்து மணல்மேல் ஏறிப் போகும். நெல் வயலில் நிலைமை வேறு. வருடா வருடம் சேறு கலக்கி உழுவதால், உழவு ஆழத்துக்குக் கீழே ஒரு கெட்டித்தரை உருவாகியிருக்கும். ஒல்லியான டயர் மேல்சேற்றை வெட்டிக்கொண்டு அதைப் போய்த் தொடும். அகலமானது நடுவில் தத்தளிக்கும். வாய்க்கால் கரையில் இன்னும் ஆபத்து. அங்கே அடியில் கெட்டித்தரை கிடையாது, கரை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். சேறு அப்பிய அகல டயர் பக்கவாட்டில் நழுவினால் வண்டி நேராக வாய்க்காலில்தான். அங்கே டயரை விட, நடுமேட்டை விட்டு இறங்காமல், பிரேக் போடாமல், லோ கியரில் மெதுவாகப் போகும் பொறுமைதான் காப்பாற்றும். சில இடங்களில் இறங்கி நடப்பது இன்னும் நல்லது.

ஆட்டத்துக்கும் அகலத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. டயர் கனமாகவும் பெரிதாகவும் ஆக, மேட்டில் அது கொடுக்கும் அடி அதிகம். வெளியே தள்ளி நிற்கும் ரிம் போட்டால் சக்கரம் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையில் படும் இடத்துக்கும் தூரம் கூடும், அடி இன்னும் பெருகும். பாய் சரிசெய்த கிங்பின் அந்தப் பாரத்தில் எவ்வளவு நாள் நிற்கும்?

ஆகவே நான் தேர்ந்தெடுத்தது 215/75 ஆர் 15 (அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் அதில் 75 சதவீதம், ஆர் என்றால் ரேடியல், ரிம் 15 அங்குலம்), ரோடு மண் இரண்டுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன். பொலேரோவுக்கு வருகிற அளவு. பழைய ஜீப்பின் ஐந்து போல்ட் அமைப்பும் பொலேரோவுடையதும் ஒன்றுதான், 139.7 மில்லிமீட்டர் வட்டம். பொலேரோ இரும்பு ரிம் அப்படியே உட்காரும், சென்னைப் புதுப்பேட்டையின் பழைய வண்டிப் பாகக் கடைகளுக்கு ஆள் போனால் நல்லதாகப் பார்த்து வாங்கி வரலாம். இதில் இன்னொரு லாபம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திருத்துறைப்பூண்டியில் டயர் கிழிந்தாலும் அந்த அளவு கிடைக்கும். டெல்டாவில் பொலேரோ இல்லாத ஊர் இல்லை. 235/75 ஆர் 15 போடச் சொல்லி நண்பர்கள் நெருக்கினார்கள். கணக்குப் போட்டால் அதன் விட்டம் மூன்று சென்டிமீட்டர்தான் கூடுதல், வண்டி தரையிலிருந்து உயர்வது ஒன்றரை சென்டிமீட்டர். 215 டயரில் அறுபதில் போகும் அதே சக்கரச் சுழற்சியில் வண்டி அறுபத்திரண்டரையில் போகும். ஒன்றரை சென்டிமீட்டருக்காக இவ்வளவு எடை எதற்கு?

கம்பெனி என்று பார்த்தால் அப்பல்லோ அப்டெரா, சியட் சிசார், எம்ஆர்எஃப் வாண்டரர், யோகோஹாமா ஜியோலாண்டர் எல்லாவற்றிலும் ரோட்டுக்கு ஒன்றும் கரடுமுரடுக்கு ஒன்றுமாக வகைகள் உண்டு. பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் கையில் இருப்பதைத்தான் எடுத்துப் போடுவார். பட்டன் அமைப்பைப் பார்த்து வாங்குங்கள். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு வெளிநாட்டுச் சரக்கைத் தேடி அலைவதில் அர்த்தம் குறைந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. டிராக்டர் டயருக்கு 5 சதவீதம். எங்கள் ஜீப்பும் வயலுக்குத்தான் போகிறது என்று கடைக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன், சிரித்தார். எம்ஆர்எஃப் ஆலை ஒன்று பக்கத்திலேயே பெரம்பலூர் மாவட்டத்தில் ஓடுகிறது, அதற்காகவும் விலை குறையாது.

விலையை விட முக்கியம் டயர் பிறந்த தேதி. பக்கச் சுவரில் ஓர் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 3124 என்றால் 2024-ஆம் வருடம் 31-ஆவது வாரம். ஆல் டெரெய்ன் டயர் சின்ன ஊர்களில் வேகமாக விற்காது, கடை மாடியில் வெயிலில் காய்ந்து கிடக்கும். நான்கில் இரண்டு புதிது, இரண்டு மூன்று வருடப் பழசு என்று கலந்து கொடுக்கப் பார்ப்பார்கள். நான்கு எண்ணையும் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். சுமைக் குறியீடு 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், ஜீப்புக்கு அது தாராளம்.

இன்னும் மலிவாக வேண்டும் என்றால் இரண்டு வழி. புது தார் ஜீப் வாங்குகிறவர்கள் ஷோரூம் டயரை உடனே கழற்றிவிட்டுப் பெரிதாகப் போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கழற்றிய டயர்கள் கிட்டத்தட்டப் புதுசு, பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் அவை 16 அல்லது 18 அங்குலம், அகலமும் கூட. ரிம்மும் மாற்ற வேண்டும், நான் மேலே சொன்ன எல்லா வம்பும் கூட வரும். இன்னொன்று ரீசோலிங், தேய்ந்த டயரில் புது ரப்பர்ப் பட்டை ஒட்டுவது. லாரிக்கும் டிராக்டர் டிரைலருக்கும் போடலாம். ஜீப்பின் பின்சக்கரத்துக்கும் சிலர் போடுகிறார்கள். முன்சக்கரத்துக்கு வேண்டாம் என்பேன். ஒட்டிய பட்டை ஒரே கனத்தில் இருக்காது, வட்டமும் பிசகும். பாலத்து மேட்டுக்குப் பயந்து இவ்வளவு வேலை செய்துவிட்டு அதையே திரும்பக் கொண்டுவந்து மாட்டுவதாகும்.

நைலான் டயர் பற்றியும் கேட்பார்கள். விலை குறைவு, பக்கச் சுவர் கெட்டி, கருவேல முள்ளுக்குத் தாங்கும். ராத்திரி நின்ற வண்டியில் அடிப்பக்கம் தட்டை விழுந்து, காலையில் சில கிலோமீட்டர் சூடாகும் வரை டக் டக் என்று ஓடும். அதை ஆட்டம் என்று நினைத்து மெக்கானிக்கிடம் போகிறவர்கள் உண்டு. வயலும் வீடுமாகவே ஓடுகிற வண்டிக்கு நைலான் தப்பில்லை. ஒரே ஆக்ஸிலில் ஒன்று நைலான் ஒன்று ரேடியல் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

டயர் மாட்டியதும் பேலன்ஸ் போட்டு, டோ இன்னை மறுபடி அளந்தோம். தார் ரோட்டுக்கு முப்பது பிஎஸ்ஐ காற்று. மணலுக்குப் போகும்போது பதினெட்டுக்கு இறக்கிவிட்டு, திரும்பும்போது கால் பம்பில் ஏற்றிக்கொள்கிறேன். டியூப் போட்ட டயர் வைத்திருப்பவர்கள் அவ்வளவு இறக்கக்கூடாது, ரிம்மில் டயர் நழுவி வால்வைப் பிய்த்துவிடும். பட்டை வேலை செய்ததால் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட்டை இன்னொரு முறை முடுக்கச் சொன்னார் பாய், முடுக்கினோம். நான்கிலும் கொஞ்சம் பிடித்தது.

இப்போது ஸ்டெப்னி மட்டும் பழைய 6.00-16. அவசரத்துக்கு மாட்டி மெதுவாக வீட்டுக்கு வரலாம், ஆனால் அதோடு ஃபோர் வீல் போட முடியாது. உயரம் வேறுபட்ட டயர்களோடு நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். சேற்றில் பங்சர் ஆனால் அன்றைக்கு அங்கேதான். ஐந்தாவதாக அதே அளவில் ஒரு பழைய டயர், பாதிப் பட்டன் இருந்தாலும் போதும் என்று மன்னார்குடி டயர் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். பொலேரோக்காரர்கள் யாராவது டயர் மாற்ற வரும்போது எடுத்து வைப்பதாகச் சொன்னார்.